"சுகமா இருக்கம்" என்டு சொன்னதால போன அஸ்வெசும: படுவான்கரைக் குடும்பம் ஒண்டிட கேஸ்

முதல்லயே சொல்லிர்றன், நான் அரசாங்க உத்தியோகத்தனும் இல்ல, நலன்புரித் திட்டங்களப் படிச்ச ஆளும் இல்ல. படுவான்கரையில ஒரு சின்ன ஊர்ல போட்டோகொப்பி அடிச்சு, ரீலோட் போட்டு, ஒன்லைன் அப்ளிகேசன் நிரப்பிக் குடுக்கிற கடை வச்சிருக்கன், அவ்வளவுதான். 2023 ஜூன் கடைசியில அஸ்வெசும, அதாவது கஷ்டப்பட்ட குடும்பங்களுக்கு அரசாங்கம் மாதம் மாதம் காசு குடுக்கிற திட்டத்துட பட்டியல் வந்த நேரம் என்ட கடை வாசலப் பாத்திருந்தா கொக்கட்டிச்சோலைத் தேரோட்டமோ என்டு நினைச்சிருப்பீங்க. அந்தக் கூட்டத்துல நிண்ட ஒரு அக்காட கேஸத்தான் இதுல முழுசா எழுதுறன். பேர் போடல, ஊர் போடல, அவகிட்டக் கேட்டுத்தான் எழுதுறன். "எழுது தம்பி, ஆனா ஆட்டுக் கதைய மட்டும் எழுதிராத" என்டா. அந்த ஆட்டுக் கதைதான் முக்கியம் என்டு விளங்கப்படுத்தி அதுக்கும் சம்மதம் வாங்கிட்டன்.

வெளியூர் ஆக்களுக்கு ஒரு சொல்லு: மட்டக்களப்பு வாவிக்கு கிழக்கால, சூரியன் எழும்புற பக்கம் எழுவான்கரை, மேற்கால படுற பக்கம் படுவான்கரை. ரோட்டு, பேங்க், பெரிய ஆஸ்பத்திரி எல்லாம் கூடுதலா எழுவான்கரைப் பக்கம், வெள்ளாமையும் மாடும் யானையும் எங்கட பக்கம். நாங்க வாவிய வாவி என்டு சொல்லுறதில்ல, ஆறு என்டுதான் சொல்லுவம்.

அஸ்வெசுமவப் பத்தியும் ஒள்ளம் சொல்லிட்டு கேஸுக்கு வாறன். 1995 ல தொடங்கின சமுர்த்தி என்டுற பழைய உதவித் திட்டம்தான் எங்களுக்குப் பழக்கம். அதுல ஆரு பட்டியல்ல இருக்கணும் என்டுறது ஆக்கள் கையில இருந்தது, ஒபிசர் கையில, சில இடத்துல கட்சிக்காரன்ட கையில, அதத்தான் எல்லாரும் குறை சொல்லிக்கொண்டு இருந்தம். மறுகா 2022 ல நாடு விழுந்து, லைன்ல நிண்டு, மண்ணெண்ணெய் 87 ரூவாயில இருந்து ஒரே இரவுல 340 ஆகி, ஐஎம்எப் காசும் வந்து, அதோட 2002 ஆம் ஆண்டு 24 ஆம் இலக்க நலன்புரி நன்மைகள் சட்டத்தத் தூசு தட்டி எடுத்து புதுத் திட்டம் கொண்டு வந்தாங்க. 2023 ஜூலை 1 இல இருந்து நடைமுறை. இதுல ஆளப் பாத்துக் குடுக்கிறதில்ல, புள்ளி போட்டுக் குடுக்கிறது. படிப்பு, சுகாதாரம், பொருளாதார நிலை, சொத்து, வீட்டு நிலைமை, குடும்ப அமைப்பு என்டு ஆறு பக்கம், அதுக்குள்ள 22 விசயம். இல்லாததுக்கெல்லாம் புள்ளி, இருக்கிறதுக்குப் புள்ளி இல்ல. கூட்டிப் பாத்து நாலு வகுப்பாப் பிரிச்சாங்க: மாதம் இடைநிலைக் குடும்பத்துக்கு 2,500, பாதிக்கப்படக்கூடிய குடும்பத்துக்கு 5,000, வறிய குடும்பத்துக்கு 8,500, மிகவும் வறிய குடும்பத்துக்கு 15,000. எழுத்துல பாத்தா நல்ல திட்டம்தான், நான் இப்பயும் அப்பிடித்தான் சொல்லுவன், கட்சிக்காரன்ட வீட்டு வாசல்ல நிக்கிறதவிட ஒரு கணக்குக்கு முன்னால நிக்கிறது மானம். ஆனா அந்தக் கணக்குக்குள்ள என்ன போகுதோ அதுதானே வெளியால வரும்.

வீட்டு நிலவரம்

அக்காக்கு அப்ப 41 வயசு. புருசன் 2019 ல நெஞ்சு வருத்தத்துல மோசம் போயிட்டார். மூத்தவளுக்கு 17, ஏஎல் (உயர்தரம்) படிக்கிறா, இளையவனுக்கு 12. அதோட மாமி, அதாவது புருசன்ட தாய், 73 வயசு, நான் அவவ பெரியம்மா என்டுதான் கூப்பிடுறது. நாலு பேர், உழைக்கிற ஆள் ஒண்டு. வெள்ளாமைக் காலத்துல களை பிடுங்கப் போவா, நாள் கூலி 1,500. முந்தி வெட்டுக்கும் போனவதான், இப்ப எல்லாத்தையும் மெசின் வந்து ஒரு பகல்ல வெட்டிட்டுப் போயிரும், பொம்பிளையளுக்கு மிச்சம் கதிர் பொறுக்குறதுதான். மற்ற நாள்ல விடிய நாலு மணிக்கு எழும்பி இடியப்பம் அவிச்சு ரெண்டு கடைக்குப் போடுவா. புருசன்ட செத்த வீட்டுச் செலவுக்கும் மறுகா மூத்தவளிட படிப்புக்கும் எடுத்த நுண்கடன் வேற, கிழமைக்கு ஒருக்கா அந்தத் தம்பி பைக்ல வந்து வாசல்ல நிப்பான்.

இனி கணக்குக் கண்ணுக்குத் தெரியிற பக்கத்தப் பாருங்க. வீடு கல்வீடு, ஓட்டுக் கூரை, சீமெந்து நிலம், தண்ணி ஊத்துற கக்கூஸ். ஏன் அப்பிடி என்டா அது யுத்தம் முடிஞ்ச பிறகு வந்த இந்திய வீட்டுத் திட்ட வீடு. அஞ்சரை லட்சம் தந்தாங்க, மிச்சத்துக்கு அக்காட தாலிக்கொடிய அடகு வச்சுக் கட்டினது. அதாவது அந்த வீடே அவங்களிட்ட ஒண்டும் இல்லாததுக்குச் சாட்சி, ஒண்டும் இல்லாத ஆக்களுக்குத்தானே அத குடுத்தாங்க. ஆனா படிவத்துல அது "நிரந்தர வீடு". வடக்கு கிழக்குல இந்த ஒரு விசயத்தால எத்தினை குடும்பம் கீழ போயிருக்கும் என்டு நான் அடிக்கடி யோசிக்கிறனான்.

வளவுல ஆறு ஆடு. அதுல நாலு ஆடு ஆரையம்பதியில இருக்கிற ஒரு சொந்தக்காரரிட ஆடு, அக்கா வாரத்துக்கு வளக்கிறா, குட்டி போட்டா ஒண்டு அவருக்கு ஒண்டு இவவுக்கு. பெரியம்மாட பேர்ல ஒரு ஏக்கர் வயல், மானாவாரி, மழைய நம்பின பூமி. ஆனா புருசன் மோசம் போன வருசமே அத ஈட்டுக்கு வச்சாச்சு, செய்யிறது வேற ஆள். மாமரத்துக்குக் கீழ புருசன்ட மோட்டபைக், 2019 க்குப் பிறகு ஸ்டார்ட் பண்ணின ஆள் இல்ல. கரண்ட் மீற்றர் ஒண்டு, அதுல இருந்து பக்கத்து வளவுல இருக்கிற புருசன்ட தம்பி வீட்டுக்கும் வயர் இழுத்துக் கிடக்கு, பில்லுல பாதிய அவர் குடுப்பார், அதாவது குடுக்கிற மாதத்துல குடுப்பார்.

கணக்கெடுக்க வந்த பகல்

அந்தப் பகல் நான் அங்க இல்ல, அக்காவும் மூத்தவளும் சொன்னத வச்சுத்தான் எழுதுறன். 2023 தொடக்கத்துல, மாரி வெள்ளாமை வெட்டுற நேரம், ஒரு பிள்ளை வந்திருக்கா, பக்கத்து ஊர்ப் பிள்ளை, கையில போன், கியூஆர் கோட் துண்டப் பாத்துட்டு கேள்வி கேக்கத் தொடங்கிட்டா. அந்தப் பிள்ளையில பிழை சொல்ல ஏலாது, வெயில்ல வீடு வீடா நடந்து வாறா, அதே கேள்வியள ஒரு பகலைக்கு எத்தினை தரம் கேட்டிருப்பா.

வருசத்துலயே அந்த வீடு நிறைஞ்சு கிடக்கிறது அந்த மாதத்துல மட்டும்தான். முன் அறையில மூண்டு மூடை நெல்லு. கூலிக்குப் பதிலா வந்ததும் கதிர் பொறுக்கினதும் சேத்து, அதுதான் வருசச் சாப்பாடு. கார்த்திகையில வந்திருந்தா அந்த இடத்துல வெறும் சாக்கு கிடந்திருக்கும், முற்றத்துல வெள்ளம் நிண்டிருக்கும்.

கேள்வி வந்திச்சு: வீட்டுல ஆருக்காவது நாட்பட்ட வருத்தம் இருக்கா? பெரியம்மா திண்ணையில இருந்து சொன்ன மறுமொழி: "இல்ல மகள், கடவுளே என்டு சுகமா இருக்கம்." பெரியம்மாக்கு சீனி வருத்தம், பிரசர் ரெண்டும், மாதம் மாதம் கிளினிக் போறவ, கொப்பி சாமித் தட்டுக்குக் கீழ கிடக்கு. ஆனா வீட்டுக்கு வந்த ஒரு வெளிப்பிள்ளை சுகம் கேட்டா நம்மட ஆக்கள் வேற என்ன மறுமொழி சொல்லுவாங்க? அது கேள்வி என்டே அவவுக்கு விளங்கல, மரியாதைக்குக் கேக்குது பிள்ளை என்டு நினைச்சிட்டா.

வாகனம் இருக்கா? "ஓம், மோட்டபைக் ஒண்டு இருக்கு." இளையவன் ஓடி வந்து சொன்னது. அப்பாட பைக், அவனுக்கு அது பெருமை. வயல்? "ஒரு ஏக்கர் இருக்கு." ஈட்டுல கிடக்கு என்டு அக்கா சொல்லல, கணக்கெடுக்கிற பிள்ளை பக்கத்து ஊர், அங்க சொந்தங்கள் இருக்கு, வயல் ஈட்டுல கிடக்கிற கதை அங்க போனா நாளைக்கு மூத்தவளுக்கு ஒரு பேச்சு வரக்குள்ள என்ன சொல்லுவாங்க. ஆடு? முற்றத்துல நிக்குதே, ஆறு என்டு பிள்ளையே எண்ணிட்டா. வாரத்து ஆடு என்டு சொல்ல அக்காக்கு வெக்கம், ஊரான்ட ஆட்ட மேய்க்கிற என்டு சொல்லுறதா என்டு. கரண்ட் பில்லையும் எடுத்துக் காட்டினாங்க, ரெண்டு வீட்டு யூனிட்டு ஒரு பில்லுல.

எல்லாம் முடிய பத்துப் பதினைஞ்சு நிமிசம். கடைசியில அந்தப் பிள்ளைக்கு தேத்தண்ணியும் ரெண்டு வாழைப்பழமும் குடுத்து அனுப்பியிருக்காங்க.

இதுல பொய் எங்கயும் இல்ல, கவனிச்சுப் பாருங்க. ஆடு ஆறு, மெய்தான். வயல் இருக்கு, காணி உறுதி அவங்கட பேர்ல, மெய்தான். பைக்கும் மெய்தான். நாலு வருசமா ஊருக்குள்ள கைநீட்டாம, இல்ல என்டு வெளியால காட்டாம வாழ்ந்த குடும்பத்துக்கிட்ட, திடீர் என்டு ஒரு பகல் வந்து உங்களுக்கு என்னென்ன இல்ல என்டு வரிசையாச் சொல்லுங்க என்டா அவங்களுக்கு வாய் வராது. அக்காட கேஸ் அண்டைக்கே, அந்தத் திண்ணையிலயே தோத்திட்டு. மறுகா நடந்த எல்லாம் அதச் சரிக்கட்ட அலைஞ்ச அலைச்சல்தான்.

பட்டியல்ல பேர் இல்ல

ஜூன் கடைசியில பட்டியல் வந்திச்சு. அக்கா அந்தக் கியூஆர் துண்டக் கொண்டு வந்தா, நான் போன்ல போட்டுப் பாத்தன், தெரிவு செய்யப்படல என்டு வந்திச்சு. இன்னொருக்காப் போடு தம்பி என்டா, போட்டன், அதேதான். அவ அழல. "சமுர்த்தியும் நிண்டு போகுமா?" என்டு மட்டும் கேட்டா. அண்டைக்கு நாடு பூரா இதே கதைதான், எல்லா இடத்துலயும் ஆர்ப்பாட்டம், எங்கட பக்கத்துலயும் பிரதேச செயலகத்துக்கு முன்னால சனம். மேன்முறையீடும் ஆட்சேபனையும் போட ஜூலை 10 வரைக்கும் நேரம் குடுத்தாங்க, கிட்டத்தட்ட பத்து லட்சம் மேன்முறையீடு போச்சு.

இந்த ரெண்டு சொல்லையும் குழப்பிக்கொண்டு வந்த ஆக்கள் நிறைய. மேன்முறையீடு என்டா எனக்குக் கிடைக்கல, இல்லாட்டி குறைஞ்ச வகுப்புல போட்டுட்டாங்க, திரும்பப் பாருங்க என்டு கேக்கிறது. ஆட்சேபனை என்டா தகுதி இல்லாத இன்னொரு ஆளுக்குக் கிடைச்சிருக்கு என்டு அறிவிக்கிறது. ரெண்டாவதுக்கும் என்ட கடைக்கு ஆள் வந்திச்சு, இருட்டினாப் பிறகு வருவாங்க, பேர் தெரியாமப் போடலாமா என்டு கேப்பாங்க. நான் அடிச்சுக் குடுக்கல, வேற கடையில அடிச்சிருப்பாங்க.

என்ட பிழை

அக்காட முதல் மேன்முறையீட்ட எழுதினது நான், அத நாசமாக்கினதும் நான்தான். எனக்கு கடிதம் எழுதத் தெரியும் என்டு ஊர்ல ஒரு பேர் இருக்கு. அதக் காப்பாத்த ரெண்டு பக்கத்துக்கு எழுதித் தள்ளினன். "தந்தையை இழந்த பச்சிளம் பாலகர்களுடன் அன்றாட வாழ்வைக் கொண்டு செல்ல முடியாது தத்தளிக்கும் அபலையாகிய நான்" என்டு தொடங்கி, "கருணை கூர்ந்து" என்டு மூண்டு இடத்துல போட்டு. அக்கா வாசிச்சிட்டு முகம் ஒரு மாதிரி ஆயிட்டு. "இது நானா தம்பி?" என்டா. நான் அப்பிடித்தான் எழுதணும் அக்கா என்டு சொல்லிட்டன்.

செயலகத்துல அந்தப் பிரிவுல இருந்த மிஸ், வயசுல என்னவிடச் சின்னவ, அந்த ரெண்டு பக்கத்தையும் வாசிச்சாங்க, முழுசா வாசிச்சாங்க, அதச் சொல்லணும். வாசிச்சிட்டு, "இத நான் சிஸ்டத்துல எங்க போடுறது? உங்கட முந்தின தகவல்ல எது பிழை, அதச் சொல்லுங்க, ஒவ்வொண்டாச் சொல்லுங்க, அதுக்குக் கடுதாசி ஏதும் இருந்தா தாங்க" என்டாங்க. எனக்கு முதல்ல கோவம்தான் வந்திச்சு, மனுசத்தன்மை இல்லாத கதை என்டு. பஸ்ஸுல கிறுகி வரக்குள்ளதான் விளங்கிச்சு, இதுவரைக்கும் அந்த ஒபிசுல எனக்குக் கிடைச்ச ஆகப் பெரிய உதவி அதுதான் என்டு. கண்ணீருக்குப் பெட்டி இல்ல, ஆட்டுக்குப் பெட்டி இருக்கு. அப்ப ஆட்டப் பத்தித்தான் எழுதணும்.

ரெண்டாவது தரம்

அண்டைக்கு இரவு அக்கா வீட்டுத் திண்ணையில இருந்து, அந்தப் பிள்ளை என்ன கேட்டா, நீங்க என்ன சொன்னீங்க என்டு மூத்தவள வச்சு ஒவ்வொண்டா எழுதினம். அவளுக்குத்தான் எல்லாம் ஞாபகம். எழுத எழுத அக்கா தலையில கைய வச்சிட்டா. "அட நான் ஒண்டும் பொய் சொல்லலயே" என்டு திரும்பத் திரும்பச் சொன்னா. பெரியம்மா மட்டும், "வாசலுக்கு வந்த பிள்ளைக்கிட்ட வருத்தத்தச் சொல்லி அழுவாங்களா மனே" என்டு கடைசி வரைக்கும் விட்டுக் குடுக்கல.

மறுகா ஆதாரம் தேடின கதை. கிளினிக் கொப்பி லேசு, போட்டோகொப்பி அடிச்சா சரி. பைக்குக்கு புருசன்ட இறப்புச் சான்றிதழும், 2019 க்குப் பிறகு வருமான அனுமதிப்பத்திரம் புதுப்பிக்காத பழைய துண்டும் வச்சம். லைசன்ஸ் எடுக்காத பைக் ரோட்டுல ஓடாது, அத ஆரும் விளங்கிக்கொள்ளுவாங்க. ஆட்டுக்கு, ஆரையம்பதிச் சொந்தக்காரர்கிட்ட ஒரு கடிதம் வாங்கப் போனம். 2014 ல மண்முனைப் பாலம் திறந்ததால பஸ்ஸுல போயிரலாம், முந்தி என்டா பாதை என்டுற மிதவையில ஏறி ஆத்தக் கடந்து போகணும், அரைநாள் அதுலயே போயிரும். அவர் முதல்ல யோசிச்சார், இந்த ஆட்ட என்ட கணக்குல போட்டு எனக்குக் கிடைக்கிறத நிப்பாட்டிருவாங்களோ என்டு. அந்தப் பயம் ஞாயமானதுதான். கடைசியில அவர்ட மனுசி சொல்லி கையெழுத்து வைச்சார்.

வயல்தான் வில்லங்கம். ஈட்டுக் கடிதம் ஒண்டு இருக்கு, வெள்ளைத் தாள்ல ரெண்டு பேரும் கையெழுத்து வச்சு, சாட்சிக்கு ஒரு மாமா. அத எந்த ஒபிசும் எடுக்காது. ஜீஎஸ், அதாவது கிராம சேவகர்தான் வழி சொன்னார்: கமநல சேவை நிலையத்துல அந்தக் காணிய இப்ப ஆரு செய்யிற என்டு பதிவு இருக்கும், உர மானியம் ஆர்ட பேர்ல போயிருக்கு என்டு பாருங்க என்டு. போய்ப் பாத்தா ரெண்டு போகமா மற்ற ஆள்ட பேர்ல கிடக்கு. உர மானியம் வாங்குறவன்தான் விவசாயி, அதுக்கு மேல ஆரு என்ன கேக்கிற? அத வச்சு ஜீஎஸ் ஒரு கடிதம் தந்தார். உறுதி ஒண்டு சொல்லும், உரம் இன்னொண்டு சொல்லும், ரெண்டாவதுதான் மெய்.

கரண்ட் பில்லுக்கு புருசன்ட தம்பி கையெழுத்து வைக்கணும், அதாவது அந்தக் கரண்டுல பாதி என்ட வீட்டுக்கு என்டு. அவர் பயந்திட்டார், வயர் இழுத்தது சட்டப்படி சரியோ பிழையோ என்டு. அதக் கடைசியில விட்டுட்டம். எல்லாத்தையும் வெல்ல ஏலாது.

இடையில ஊர்ல ஆக்கள் குடுத்த புத்தியையும் சொல்லணும். டிவிய பக்கத்து வீட்டுல வை, ஆட்ட நாலு நாளைக்கு வாடிப் பக்கம் அனுப்பு, பானைய அடுப்புல வைக்காத, பிள்ளையளுக்கு பழைய உடுப்புப் போடு. அக்கா மாட்டன் என்டுட்டா, எனக்கும் அது சரி என்டுதான் பட்டுது. கையெழுத்து வச்சு உறுதிப்படுத்திக் குடுக்கிற தகவல், நாளைக்கு ஆராவது ஆட்சேபனை போட்டா மானம் ரெண்டாம் தரம் போகும். அதவிட, மறைக்கிறதுக்கு அங்க என்ன கிடக்கு? உள்ளதச் சரியாச் சொன்னாலே போதுமே, உள்ளது அவ்வளவு மோசம்.

ஒரு பக்கக் கடிதம், நாலு விசயம், ஒவ்வொண்டுக்கும் பின்னால ஒரு கொப்பி. "கருணை" என்டுற சொல்லு ஒரு இடத்துலயும் இல்ல. முந்தின கடிதத்தோட சேத்து வைக்கச் சொல்லி மிஸ்கிட்டக் குடுத்தம்.

திரும்ப வந்தாங்க

மாதக் கணக்கா ஒண்டும் நடக்கல. கிழமைக்கு ஒருக்கா அக்கா கடைக்கு வந்து துண்ட நீட்டுவா, நான் தட்டிப் பாப்பன், தலையாட்டுவன், அவ போவா. மழை தொடங்கி, முற்றத்துல தண்ணி நிண்ட நேரத்துலதான் ரெண்டு பேர் வந்தாங்க பாக்க. அந்த நேரம் வந்தது அதிர்ஷ்டம் என்டுதான் சொல்லணும், நெல்லு மூடை இல்ல, ஆடு நாலுதான், அதையும் ஓலைக் கொட்டிலுக்குள்ள ஏத்திக் கட்டிக் கிடந்திச்சு.

நான் அண்டைக்கு அங்க நிண்டன். வாய் திறக்கிறதில்ல என்டு தீர்மானிச்சுப் போட்டுத்தான் போனன். பெரியம்மா விடியவே இளையவனக் கடைக்கு அனுப்பி பிஸ்கட்டும் சோடாவும் வாங்கிட்டா, கடனுக்கு. கண்ணாடி அலமாரியில இருந்த பூப்போட்ட கப் எல்லாம் வெளியால வந்திட்டு, அது மகன்ட கலியாணத்துக்கு வந்த கப். நான் சொன்னன், பெரியம்மா, இண்டைக்கு மட்டும் வேணாமே என்டு. "வீட்டுக்கு வந்த ஆக்கள தேத்தண்ணி குடுக்காம அனுப்பித்தான் அந்தக் காசு வரும் என்டா எனக்கு அந்தக் காசு வேணா" என்டா. சரி என்டு விட்டுட்டன், அந்த இடத்துல வெல்லுறதுக்கு நான் ஆரு. வந்தவங்களும் நல்ல ஆக்கள், தேத்தண்ணியக் குடிச்சிட்டு பிஸ்கட்டத் தொடல.

வருத்தம் இருக்கா என்டு திரும்பக் கேட்டாங்க. பெரியம்மா வாயத் திறக்க முதல் மூத்தவள் கிளினிக் கொப்பியக் கொண்டு வந்து மேசையில வச்சிட்டா, ஒரு வார்த்தை சொல்லல. பெரியம்மா கொப்பியப் பாத்தா, பேத்தியப் பாத்தா, மறுகா, "ஓம் மகன், இரவுல கால் எரியும்" என்டு மெதுவாச் சொன்னா. நாலு வருசத்துல அவ வாயால அத நான் கேட்டது அண்டைக்குத்தான்.

காசு வரைக்கும்

2024 ல முடிவு வந்திச்சு: வறிய குடும்பம், மாதம் 8,500. மிகவும் வறிய வகுப்பு கிடைக்கும் என்டு எனக்கு ஒரு எண்ணம் இருந்தது, கிடைக்கல, கல்வீடும் கரண்ட் பில்லும் அங்கயேதானே கிடக்கு. இன்னொரு மேன்முறையீடு போடுவமா என்டு கேட்டன், அக்கா கைய எடுத்துக் கும்பிட்டா.

ஆனா பேர் வந்தா காசு வந்திட்டு என்டு அர்த்தம் இல்ல. அஸ்வெசுமக்கு என்டு தனிக் கணக்குத் திறக்கணும், செயலகத்துல இருந்து கடிதம் எடுத்து பேங்க்குக்குப் போகணும். அங்க பேர் ஒத்துவரல. அக்காட அடையாள அட்டை பழையது, 9 இலக்கமும் கடைசியில வி எழுத்தும் உள்ளது, அதுல இங்கிலிஸ்ல பேர் இல்ல. அதால ஒவ்வொரு ஒபிசும் அவ பேர தங்கட இஷ்டத்துக்கு இங்கிலிஸ்ல எழுதி வச்சிருக்கு, ஒரு இடத்துல முதலெழுத்து முன்னால, ஒரு இடத்துல தகப்பன்ட பேர் முழுசா. போதாக்குறைக்கு இலக்கத்துல ரெண்டு எண் இடம் மாறி டைப் ஆகிக் கிடக்கு. அதுக்கு மூண்டு தரம் செயலகம், ரெண்டு தரம் பேங்க், ஒவ்வொரு தரமும் ஒரு நாள் கூலி போச்சு. 1,500 படி கணக்குப் பாத்தா முதல் மாதக் காசுல முக்கால்வாசிக்கு மேல காசு வர முதலே செலவு. ஆருக்கும் புதுசா விண்ணப்பம் போடுற எண்ணம் இருந்தா, வேற எல்லாத்துக்கும் முதல் அடையாள அட்டை, பேங்க் புத்தகம், பிறப்புச் சான்றிதழ் மூண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சு பேர எழுத்து எழுத்தாப் பாருங்க, பிழை இருந்தா அத முதல்ல திருத்துங்க. இத நான் கடையில ஒட்டி வச்சிருக்கன், ஆரும் வாசிக்கிறதில்ல.

2025 தை மாதத்துல இருந்து வறிய குடும்பத்துக்கு 10,000 ஆகவும் மிகவும் வறிய குடும்பத்துக்கு 17,500 ஆகவும் கூட்டினாங்க. பெரியம்மாக்கு 70 வயசு தாண்டின ஆக்களிட முதியோர் காசு வேற, 2,000 ஆ இருந்தது 2024 ல 3,000 ஆகி 2025 ல 5,000 ஆகிட்டு. அந்தக் காச அவ வீட்டுச் செலவுக்குக் குடுக்கிறதில்ல, பேத்திக்கு பஸ் காசும், கோயிலுக்கு வெள்ளிக்கிழமை எண்ணெயும், மிச்சத்த முந்தானையில முடிஞ்சு வச்சிருப்பா.

பத்தாயிரம் என்ன செய்யும் என்டு கேட்டா, நாலு பேருக்கு அது சாப்பாட்டுக்கே காணாது, ஆனா அக்கா வீட்டுல அது ஒரு காரியம் செஞ்சிச்சு, மாதத்துல ஒரு தேதிக்கு நிச்சயமா வாற காசு என்டு ஒண்டு வந்திச்சு. கூலி மழையப் பாத்து வரும், இடியப்பம் கடைக்காரனப் பாத்து வரும். இது மட்டும்தான் நாள் பாத்து வாறது. அத நம்பி நுண்கடன்ட தவணைய ஒழுங்கா அடைச்சு 2025 நடுவுல முடிச்சிட்டா, புதுசா எடுக்கவும் இல்ல. வயல் இன்னும் ஈட்டுலதான்.

பைக்கும் இன்னும் மாமரத்துக்குக் கீழதான். வித்துத் தள்ளுங்க அக்கா, அடுத்த தரம் தகவல் புதுப்பிக்க வாறவங்க திரும்ப அதத்தான் கேப்பாங்க என்டு சொல்லிப் பாத்தன். விக்கிறதுக்குப் பேர் மாத்தணும், செத்த ஆள்ட பேர்ல இருந்து மாத்த லோயர்ட போகணும், அந்தச் செலவுக்கு பழைய இரும்புக் காசு கூடக் கட்டாது. அதோட இளையவன் விடமாட்டான். ஞாயிற்றுக்கிழமை விடிய அவன் ஒரு துணியும் வாளியும் எடுத்துக்கொண்டு அந்த பைக்கக் கழுவுறத என்ட கடையில இருந்தே பாக்கலாம், பெற்றோல் டாங்கியத் துடைச்சு, கண்ணாடியத் திருப்பி, ஒருக்கா ஏறி இருந்து போட்டு இறங்குவான்.